நூறு கிராம் இசட்.எஸ்.எம்-5: வாங்கலாம், லேபிளை மட்டும் நம்பாதீர்கள்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். பொடிக்கு ஐந்துக்கு நான்கு. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த லேபிளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சிட்டிருந்ததற்காக.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். முதுகலை மாணவிகள் இருவர் ஆய்வுத் திட்டத்துக்கு மெத்தனாலை எடுத்துக்கொண்டார்கள். மெத்தனால் ஆவியை, இசட்.எஸ்.எம்-5 போன்ற சூடான ஜியோலைட் (நுண்சந்துகள் நிறைந்த படிகப்) பொடிக்குள் செலுத்தினால் மறுபுறம் எத்திலீனும் புரோப்பிலீனும் வரும்; பிளாஸ்டிக் குடத்துக்கும் சாக்குக்கும் மூலப்பொருள் இந்த இரண்டு வாயுக்கள்தாம். இந்த ஊரில் வேதியியல் என்றாலே ஆட்டோ ஓட்டுநர்கூட "சிக்ரியா அம்மா?" என்றுதான் கேட்பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த அந்த மின்வேதியியல் ஆய்வகம் ஊரின் அடையாளமாகிவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு குழாய் உலை, ஒரு சிரிஞ்ச் பம்ப், ஒரு நைட்ரஜன் உருளை ஆகியவைதாம் சொத்து. எங்களைப் போன்ற சிறிய துறைகளில் இதே பொடியை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கடைசியில் பிழையை ஒப்புக்கொண்டார்கள், அது போதும்.

டப்பா வந்தது கார்த்திகையில். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இன்னொரு பை, பைக்குள் இடியாப்ப மாவைப் போன்ற பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவைவிட வழுவழுப்பு. பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை; வழியில் ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. லேபிளில் இரண்டு செய்திகள் இருந்தன: "ஹைட்ரஜன் வடிவம்", "விகிதம் 50". இரண்டிலும் இடறி விழுந்தோம்.

இந்தப் பொடி எதற்குப் பெயர் பெற்றது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த படிகம். அதன் ஊடே ஏறக்குறைய 0.55 நானோமீட்டர் அகலச் சந்துகள். மொபில் நிறுவனத்தார் 1972-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சட்டகத்தில் அலுமினியம் உட்கார்ந்த இடந்தோறும் ஒரு மின்னூட்டக் குறை உண்டாகும். அதை ஈடுகட்ட ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டினால் அந்த இடம் அமிலமாகும், வேலை நடக்கும். அங்கே சோடியம் ஒட்டியிருந்தால் பொடி சும்மா இருக்கும்.

எங்கள் பொடி சும்மாதான் இருந்தது. பொடியை அழுத்தி வில்லையாக்கி, உடைத்துச் சலித்து, குருணையாக்கிக் குவார்ட்ஸ் குழாயில் இரண்டு கிராம் வைத்தோம். (இதைச் செய்யாமல் மாவாகவே கொட்டினால் வாயு போக வழியிருக்காது. முன்பு ஒரு வருடம் அப்படிச் செய்து குழாய் அடைத்துத் தக்கை பறந்த அனுபவம் உண்டு.) 450 டிகிரி. மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி, வெளியே வரும் ஆவியைப் பனிக்கட்டித் தொட்டியில் குளிர்வித்து, மிஞ்சிய வாயுவைப் புரோமின் நீருக்குள் குமிழிகளாக விட்டோம். ஒலிஃபின் (எத்திலீன், புரோப்பிலீன் வகைச் சேர்மம்) வந்தால் புரோமின் நீரின் செம்பழுப்பு வெளிறிவிடும். ஒரு மணி நேரம் பார்த்தோம். நிறம் அப்படியே நின்றது. தொட்டியில் சேர்ந்த திரவத்தின் அடர்த்தியை அளந்தால் மெத்தனாலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போன பொருள் பெரும்பாலும் போனபடியே திரும்பி வந்திருந்தது.

விற்பனையாளரை அழைத்தேன். "மேடம், எல்லாக் கல்லூரியிலும் இதைத்தான் வாங்குகிறார்கள். உங்கள் உலையின் வெப்பநிலை சரிதானா என்று பாருங்கள்" என்றார். உலையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெப்பமானியை மாற்றிப் பார்த்தேன், அதுவும் சரி. இந்த ஊர்ப் பேச்சில் சொல்வதானால், பணியாரம் வேகவில்லை என்றால் மாவைப் பார்க்க வேண்டும். குழிக்கல்லையே தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மாவைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கல்லூரி அலமாரியில் இருப்பதே போதும். வாங்குகிற எல்லோரும் டப்பா திறந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு கிராம் பொடியை இருபது மில்லி உப்புநீரில் போட்டுக் கலக்குங்கள். பொடி உண்மையில் ஹைட்ரஜன் வடிவமாக இருந்தால், உப்பின் சோடியம் உள்ளே போகும், ஹைட்ரஜன் அயனி வெளியே வரும், நீல லிட்மஸ் சிவக்கும். எங்கள் லிட்மஸ் நீலமாகவே இருந்தது. சரி, அம்மோனியம் வடிவத்தை மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்று காஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தோம். அம்மோனியா வாடையே இல்லை. மிச்சமிருந்தது சோடியம்.

அதையும் உறுதிப்படுத்தினோம். பொடியை அம்மோனியம் குளோரைடு கரைசலில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துக் கலக்கி, வடிகட்டி, வடிநீரில் கம்பியைத் தோய்த்துச் சுடரில் காட்டினாள் ஒரு மாணவி. உப்புப் போட்ட சோறு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் எரியுமே, அந்த மஞ்சள். சோடியத்துக்குச் சுடர்ச் சோதனை பேராசை பிடித்த சோதனை. விரல் பட்ட வியர்வைக்குக்கூட மஞ்சள் காட்டும். ஆகவே பொடி படாத கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். அது ஒரு கணம் மினுங்கி அணைந்தது. இது நின்று எரிந்தது.

ஹைட்ரஜன் வடிவம் என்ற விலையில் சோடியம் வடிவத்தை விற்றிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேலை மூன்று நாள், செலவு சொற்பம். அந்த வேலையை நாங்களே செய்தோம். பாடப்புத்தகம் அம்மோனியம் நைட்ரேட்டைச் சொல்லும். அது வெடிபொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டபடியால் ஒரு சிறு கல்லூரி அதன் பின்னால் அலைய வேண்டாம். அம்மோனியம் குளோரைடே போதும். நம் ஊருக்கு அது அந்நியமானதும் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடாக்கித் தூவித் துணியால் தேய்ப்பாரே, புகை மூக்கைக் கரிக்குமே, அந்த நவச்சாரம்தான். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன், "பூசுகிறவரிடமே கால் கிலோ வாங்கிவரட்டுமா அம்மா?" என்று கேட்டார். ஆசைதான். ஆனால் அதில் இரும்பும் மண்ணும் என்னென்னவும் இருக்கும். ஆய்வகத் தரத்திலேயே வாங்கினோம்.

ஒரு மோலார் கரைசலில் 80 டிகிரியில் சில மணி நேரம், வடிகட்டு, கழுவு. இப்படி மூன்று முறை. குளோரைடு போகும்வரை கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் வடிநீர் பால்போல் கலங்கக் கூடாது. பிறகு உலர்த்தி, காற்றில் 550 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி ஐந்து மணி நேரம். அம்மோனியா பறந்துபோகும், ஹைட்ரஜன் அயனி சட்டகத்திலேயே தங்கும். மறுநாள் அதே உப்புநீர்ச் சோதனையைச் செய்தோம். லிட்மஸ் தாள் வெற்றிலை போட்ட நாக்குப்போல் சிவந்தது.

இரண்டாவது இடறலும் அப்போதுதான் தெரிந்தது. சிவந்த அந்த உப்புநீரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்து, அதிலிருந்த அமிலத்தின் அளவைக் கண்டோம். "விகிதம் 50" என்பதைச் சிலிக்கான் அணு ஐம்பதுக்கு அலுமினியம் ஒன்று என்று நாங்கள் படித்திருந்தோம். அப்படியானால் கிராமுக்கு 0.33 மில்லிமோல் அமிலம் வர வேண்டும். வந்தது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லேபிள் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருந்தது. வணிகத்தில் இந்த எண்ணைச் சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் உள்ள மூலக்கூறு விகிதமாகத்தான் எழுதுவது வழக்கம். அலுமினாவில் அலுமினியம் இரண்டு இருப்பதால் அணுக்கணக்கில் அது 25. ஆய்வுக் கட்டுரைகளோ பெரும்பாலும் அணு விகிதத்தைத் தருகின்றன. எந்த விகிதம் என்று எழுதாத விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒலிஃபினுக்கு இது சிறிய விஷயம் இல்லை: அமில இடங்கள் நெருக்கமாக இருந்தால் உருவான புரோப்பிலீன் வெளியே வருவதற்குள் மறுபடி மறுபடி பிடிபட்டு, டொலுவீன், சைலீன் என்று பருத்துவிடும். இனி வாங்கினால் அணு விகிதம் நூறுக்கு மேல் உள்ள பொடியைத்தான் கேட்பேன்.

மாற்றிய பொடியோடு ஓட்டிய முதல் நாள். உலை 450-ஐ எட்டி, மெத்தனால் போகத் தொடங்கிச் சில நிமிடம்தான். புரோமின் நீர் தேநீர் நிறத்திலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்து, பிறகு வெறும் தண்ணீரானது. அதைவிட எனக்குப் பிடித்தது பனித்தொட்டிக் குப்பி. அதில் இரண்டு அடுக்கு நின்றது. கீழே தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெயில் பெட்ரோல் பங்கின் வாசனை. 32 கிராம் மெத்தனால் முழுக்க வினைபட்டால் 18 கிராம் தண்ணீராகப் போய்விடும், ஹைட்ரோகார்பனுக்கு மிஞ்சுவது 14 கிராம்தான். "பாதிக்கு மேல் தண்ணீரா?" என்று மாணவிகளுக்கு ஏமாற்றம். இயற்கையின் கணக்கு அது. எந்த வினையூக்கியாலும் மாற்ற முடியாது.

வினையூக்கியால் மாற்ற முடிவது மேலே மிதக்கும் அந்த எண்ணெயை. நியூசிலாந்தில் மோட்டுனூயி என்ற இடத்தில் 1980-களில் இதே பொடியை வைத்து நாளொன்றுக்கு 14,500 பீப்பாய் பெட்ரோல் எடுத்தார்கள். அவர்களுக்கு எண்ணெய் அடுக்குதான் லாபம். எங்களுக்கு வாயு வேண்டும், ஆகவே அதே எண்ணெய் நஷ்டம். வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கையில் இல்லாத நாட்களில், குப்பியில் எண்ணெய் எவ்வளவு மெல்லிதாகிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

முதல் மேம்பாடு காஸ்டிக் சோடா. 0.2 மோலார் கரைசல், 65 டிகிரி, அரை மணி நேரம், உடனே பனித்தண்ணீரில் வைத்து நிறுத்திவிட வேண்டும். காரம் சட்டகத்திலிருந்து சிலிக்காவைக் கொஞ்சம் கரைத்து, சின்னச் சந்துகளுக்கு நடுவே பெரிய ஓட்டைகளைப் போடுகிறது. அணு விகிதம் 25 முதல் 50 வரை உள்ள பொடிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது பலரும் செய்து நிறுவிய விஷயம். இந்த ஒரு காரியத்துக்கு எங்கள் பொடியின் 25 வசதியாகப் போயிற்று. அரை மணி என்பதை முக்கால் மணி ஆக்காதீர்கள். ஒரு தடவை தேநீர் இடைவேளை நீண்டுபோய்ப் பொடியில் பெரும்பங்கைக் கரைத்துக் குடித்துவிட்டது கரைசல். முடித்ததும் சோடியம் மறுபடி உள்ளே ஏறியிருக்கும், நவச்சாரக் குளியலுக்குத் திரும்ப வேண்டும்.

பலன் எண்ணெயில் தெரியவில்லை. ஆயுளில் தெரிந்தது. பகலில் ஓட்டி, மாலையில் நைட்ரஜனை விட்டு ஆறவைத்து, மறுநாள் தொடர்வது எங்கள் முறை. காரம் படாத பொடி மூன்றாம் நாள் பிற்பகலில் களைத்து, குப்பியில் அடுக்குகள் மறைந்து மெத்தனால் கலந்து வரத் தொடங்கியது. காரம் பட்டது ஐந்தாம் நாளும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மின்சாரம் நின்றதால் நாங்களே நிறுத்தினோம். ஒரே ஒரு தடவை செய்த ஒப்பீடு, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

களைத்த குழாயை வெளியே எடுத்துப் பார்த்த நிமிடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெத்தனால் நுழைகிற மேல்பக்கம் அடுப்புக்கரி நிறம். அதற்குக் கீழே சாம்பல். அடியில் விரற்கடை அளவுக்கு இன்னும் வெளுப்பு. சுருட்டு எரிகிற மாதிரி கருமை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அது அடியைத் தொடும்வரை வெளியே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. காற்றில் 550 டிகிரிக்கு வைத்தால் கரி எரிந்து பொடி மறுபடி வெள்ளையாகிறது. ஆறு முறை எரித்து எடுத்தும் இந்தப் பொடி சுணங்கவில்லை. நான்கு மதிப்பெண்ணில் பாதி அதற்கு.

இரண்டாவது மேம்பாடு பாஸ்பரஸ். வயலுக்குப் போடும் டி.ஏ.பி.-யின் ஆய்வகத் தர உறவினரைக் கரைத்து, பொடியை நனைத்து, உலர்த்திச் சுட வேண்டும். கடுமையான அமில இடங்களைப் பாஸ்பரஸ் சாந்தப்படுத்துகிறது. எண்ணெய் அடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தது. சூட்டோடு நீராவி படும்போது அலுமினியம் சட்டகத்தை விட்டுக் கழன்றுபோவதையும் இது குறைக்கும். அதிகமாகப் போட்டால் பொடி மறுபடி சும்மா உட்கார்ந்துவிடும்.

அதே விற்பனையாளரிடம் இதே வேலைக்கான இன்னொரு நுண்சந்துப் பொடியான சாப்போ-34-உம் பத்து கிராம் வாங்கியிருந்தோம். அதைப் பற்றி ஒரு குடும்பக் கதையோடுதான் சொல்ல முடியும். பள்ளத்தூரில் என் அம்மாவின் பெரியம்மா வீட்டில், வளவை ஒட்டிய ஓர் அறையில் தேக்குப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து விலை பேசினார். பெட்டகத்தை அளந்தார், கதவை அளந்தார், மறுபடி பெட்டகத்தை அளந்தார். "இது எப்படி ஆச்சி உள்ளே வந்தது?" என்று கேட்டார். "வரவில்லை அப்பச்சி. பலகைதான் உள்ளே வந்தது. பெட்டகம் அங்கேயே செய்தது" என்றார் ஆச்சி.

சாப்போ-34 அந்த அறை. உள்ளே விசாலம், வாசல் 0.38 நானோமீட்டர்தான். மெத்தனால் பலகைபோல் நுழைந்து, உள்ளே ஹெக்சாமெத்தில்பென்சீன் போன்ற பருத்த மூலக்கூறைக் கட்டுகிறது. அது வெளியே வர முடியாது. ஆனால் வேலை அதன் மேல்தான் நடக்கிறது: புதிய மெத்தனால் அதில் போய் ஒட்டுகிறது, எத்திலீனாகவும் புரோப்பிலீனாகவும் கழன்று வாசல் வழியே ஓடுகிறது. எண்ணெய்க்கு வாசலே கிடையாது. ஆகவே குப்பியில் எண்ணெய் அடுக்கைக் காணோம். மெத்தனாலின் கார்பனில் எண்பது விழுக்காடு அளவுக்கு இந்த இரண்டு வாயுவாகவே மாற்றும் சரக்கு இது. அப்புறம் அந்தப் பருத்த மூலக்கூறு இன்னும் பருத்து, இரண்டு வளையம், நான்கு வளையம் என்று அறையை அடைத்துவிடும். எங்கள் குழாயில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அடைத்துப்போனது.

பெரிய ஆலைக்காரர்களுக்கு இது தொல்லை இல்லை. சீனாவில் பாவ்டோவில் 2010-இல் ஓடத் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 18 லட்சம் டன் மெத்தனாலை 6 லட்சம் டன் ஒலிஃபினாக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அங்கே பொடி ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கறுத்தது பக்கத்துக் கலத்துக்குப் போய்க் கரி எரிந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். நிலையான குழாயை வைத்திருக்கும் கல்லூரி சாப்போவை ஒரு தடவை வாங்கி, கறுப்பதைப் பார்த்து ரசித்து, வேலைக்கு இசட்.எஸ்.எம்-ஐ வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: சாப்போவைச் சுட்ட நிலையில் வாங்காதீர்கள். படிகம் வளரும்போது உள்ளே தங்கிவிடும் கரிம வார்ப்பு சுட்டு நீங்கிய பிறகு காற்றின் ஈரமே சட்டகத்தைக் கெடுக்கும். எங்களுக்குச் சுட்டதை, இறுகாத மூடியோடு, அடைமழையில் அனுப்பினார்கள். சுடாததைக் கேட்டு வாங்கி, தேவையானபோது தேவையான அளவு சுடுங்கள்.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை, இது பொடியைப் பற்றியது இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு எங்கள் துறையில் மெத்தனால் புட்டி இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறது. எடுத்த மில்லிக்கும் திரும்பிவந்த மில்லிக்கும் பதிவேட்டில் கையெழுத்து. குப்பியில் சேரும் திரவத்தையும் அதே பதிவேட்டில் ஏற்றுங்கள். வாயுக்குழாயின் முனை ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும்.

விற்பனையாளருக்குச் சுடர்ச் சோதனைப் படத்தையும் தரம்பார்த்த கணக்கையும் அனுப்பினேன். பத்து நாள் மௌனம். பிறகு கிடங்கில் பை மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, புதிய டப்பா அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். சோடியம் வடிவம் என்றே பில்லில் எழுதி, அந்த விலைக்கே இன்னொரு நூறு கிராம், சிலிக்கா-அலுமினா விகிதம் 200-க்கு மேல், எந்த விகிதம் என்பதையும் லேபிளில் அச்சிட்டுத் தரச் சொன்னேன். சென்ற வாரம் வந்தது. உப்புநீரில் போட்டோம். நீலமாகவே இருந்தது.